பச்சை ஸ்டிக்கர்

இல்ல சார், சாவிக்காக வரல. லேப் சாவி அச்யுத்கிட்டதான் இருக்கு. முயலுக்கெல்லாம் தண்ணி வெச்சாச்சான்னு அவனக் கேட்டுட்டுத்தான் வரேன். ஞாயித்துக்கெழம அதுவுமா வீடு தேடி வந்து நிக்கறாளேன்னு நெனைக்காதீங்க. ஃபோன் பண்ணியிருக்கலாம். பண்ணா நீங்க, நாளைக்கு லேப்ல பேசிக்கலாம் ரெனிட்டான்னு வெச்சிடுவீங்க. நாளைக்குன்னா லேட்டு சார்.

வேணாம் மாமி, ஒண்ணும் வேணாம். பூச முடிஞ்சு சாந்தோம்லேருந்து நேரா நடந்தே வந்துட்டேன். நீங்க கச்சேரிக்குக் கெளம்பிட்டீங்க போல. லேட்டாப் போனா தூணுக்குப் பின்னாடிதான் எடம் கெடைக்கும். கெளம்புங்க. இல்ல, வேணாம், கொஞ்சம் இருங்க மாமி. நீங்க இருந்தா நல்லதுதான். சார்கிட்டத் தனியாப் பேசினா பாதிப் பேச்சுல ஆமா அந்த பஃபர் பிஎச் பாத்தியான்னு கேட்டுடுவாரு. அப்புறம் நானும் பாத்தேன் சார்னு சொல்லிட்டுப் போயிடுவேன். மூணு வருஷமா அதான் நடக்குது.

ஒரே ஒரு விஷயம் சார். ஒரு வார்த்ததான். ஃப்ரிட்ஜ்ல ரெண்டாவது பேட்ச் இருக்கே, அதுல எந்த ஸ்டிக்கர்ல மருந்து. மஞ்சளா, பச்சயா.

தெரியும் சார். கேக்கக் கூடாதுன்னு தெரியும். புதுசா வர்ற பசங்களுக்கு அதச் சொல்லிக்குடுக்கறதே நான்தான். அளக்கறவளுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா ஸ்கேல் தானா நகரும்னு நீங்க சொன்னத அப்படியே சொல்லுவேன். உங்க கையப் பாத்துக்கிட்டு நீங்க சிரிப்பீங்களே, அது மாதிரி சிரிக்கக் கூட சிரிப்பேன். எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கறேன்.

மாமி கேக்கறாங்க பாருங்க, என்ன ஸ்டிக்கர்னு. சார் வீட்ல லேப் விஷயம் பேசவே மாட்டாரா மாமி. சரி, நான் சொல்றேன். அப்பவாச்சும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

தவள இருக்குல்ல, அது சேத்துலயும் சாக்கடையிலயும்தான் கெடக்குது. ஒடம்புல கீறிக்கிட்டாலும் சீழ் புடிக்கறதில்ல. ஏன்னா அது தோல்லயே ஒரு சின்னப் புரதம் சொரக்குது. பெப்டைடுன்னு சொல்லுவோம். அது கிருமி மேல போய் ஒட்டி, அதோட சவ்வுல ஓட்ட போட்டுடும். நம்ம மருந்துக்கெல்லாம் பழகிப்போன கிருமி கூட இதுக்குச் சாகும். அத இப்பத் தவளய அறுக்காமலே செஞ்சுக்கலாம். ஆனா அப்படியே கொண்டுபோய் புண்ல ஊத்தினா நிக்காது மாமி. சீழ்ல இருக்கற சரக்கு அத அரச்சுத் தின்னுடும். அதுக்குத்தான் சார் ஒரு வழி புடிச்சாரு. எண்ணெய், தண்ணி, சோப்பு மாதிரி ஒரு பொருள், இது மூணையும் ஒரு கணக்குல சேத்தா கண்ணுக்கே தெரியாத துளித்துளியா நிக்கும். பால் மாதிரி வெள்ளையாக் கூட இருக்காது. குடிக்கற தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். அந்தத் துளிக்குள்ள பெப்டைட ஒளிச்சு அனுப்பறோம். உள்ள போய்ச் சேந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். மைக்ரோஎமல்ஷன்னு பேரு. பேருதான் பெருசு.

இதுல மருந்து இருக்கற பாட்டில் ஒண்ணு, மருந்தே இல்லாம வெறும் எண்ணெயும் தண்ணியும் இருக்கற பாட்டில் ஒண்ணு. ரெண்டையும் முயலுங்க புண்ல போட்டுப் பாத்தாத்தான் ஆறினது மருந்தாலயா, சும்மாவான்னு தெரியும். பக்கத்துல பக்கத்துல வெச்சா உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது, சாராலயே முடியாது. அதனால சார் ரூமச் சாத்திக்கிட்டு அவர் கையாலயே ஸ்டிக்கர் ஒட்டுவாரு. எந்தக் கலருக்கு மருந்துன்னு காசு சுண்டிப் பாத்து முடிவு பண்ணுவாரு. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் புதுசா சுண்டுவாரு. எங்கயும் எழுதி வெக்க மாட்டாரு. அச்யுத் மேஜையக் கொடஞ்சாலும் ஒண்ணும் கெடைக்காது. சார் தலக்குள்ள மட்டும்தான் இருக்கும்.

மொதல் பேட்ச் முடிஞ்சப்ப எங்க எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னீங்க, பச்சன்னு. ஞாபகம் இருக்கா சார். நான் அழுதுட்டேன். பச்ச முயலுங்களுக்கு எப்படி ஆறிச்சு. ஓரத்துலேருந்து ரோஸ் கலர்ல சத வளந்து வந்துச்சு பாருங்க, குழந்த ஈறு மாதிரி. மஞ்ச முயலுங்கள நெனச்சா இப்பவும் சாப்புட முடியல.

ரொனால்ட்தான் மாமி. என் வீட்டுக்காரர். டெலிபோன்ஸ்ல கேபிள் ஜாயின்ட் போடற வேல. சாருக்குத் தெரியும், நான் லீவு கேட்டப்பச் சொன்னேன். ரெண்டு மாசம் முன்னாடி மழையில ராஜா அண்ணாமலைபுரத்துல ரோட்டுல குழி தோண்டி எறங்கியிருக்காரு. குழி முழுக்க சாக்கடத் தண்ணி. மேல சாச்சு வெச்சிருந்த ஸ்லாப் சரிஞ்சு காலு மேல விழுந்துடுச்சு. அந்தத் தண்ணிக்குள்ளயே நின்னுக்கிட்டு, மொதல்ல லைனக் குடுத்துடறேன், அந்த ஏரியாவே செத்துக் கெடக்குன்னு சொன்னாராம். கூட இருந்தவங்கதான் தூக்கிக்கிட்டு வந்தாங்க.

எலும்பு சேந்துடுச்சு. புண்ணுதான் மாமி சேரல. சூடோமோனாஸ்னு ஒரு கிருமி. நாங்க லேப்ல தட்டுல வளக்கறமே, அதேதான். நான் இங்க வேலையில அதக் கொன்னுட்டுப் போய், அங்க கட்டுல பாக்கறேன். கட்டப் பிரிச்சா பஞ்செல்லாம் பச்சையா இருக்கும். ஒரு மாதிரி இனிப்பு வாடை, அழுகின திராட்ச மாதிரி. இவரு இருக்காரே, ஃபாதரக் கூப்புடு ரெனி, வைன் வாசன வருது, பூசைக்கு ஆகும்னாரு. பக்கத்து பெட்டு ஆளு சிரிச்சுட்டாரு. எனக்கு எங்க சிரிப்பு வருது.

ஊசி எல்லாம் மாத்தி மாத்திப் போட்டாச்சு சார். ரிப்போர்ட் வந்துச்சு, மேலேருந்து கீழ வரைக்கும் எதுக்கும் கேக்கலன்னுதான் இருக்கு. டாக்டர் ஷாஹுல் ஹமீது நல்லவருதான், மெரட்டறவரு இல்ல. உக்கார வெச்சு நிதானமாச் சொன்னாரு. இப்பக் கால எடுத்தா முட்டிக்குக் கீழ. தள்ளிப்போட்டா முட்டிக்கு மேல. அதுக்கும் தள்ளிப்போட்டா காலப் பத்திப் பேச வேண்டியிருக்காதும்மான்னாரு. ரெண்டு தடவ கையெழுத்துப் போடச் சொல்லி வந்துட்டாங்க. இவரு, வீட்ல பாத்துப் போடுங்கன்னுட்டாரு. ரெண்டு தடவையும் நான்தான் போடல. நாளைக்குக் காலைல கடைசின்னு சொல்லிட்டாங்க.

இவரோட அம்மா அங்கயே உக்காந்திருக்காங்க. ஆனின்னு பேரு, பட்டினப்பாக்கத்துல மீன் வித்து வளத்த கையி. அவங்க போட ரெடியா இருக்காங்க. நேத்து வராண்டாவுல எல்லாருக்கும் கேக்கற மாதிரி என்னக் கேட்டாங்க. இன்னாடி இழுத்துக்கினு கீற, உன் படிப்பு உன்னோட வெச்சுக்க, எனக்கு என் புள்ள வோணும், காலு போனா போவுதுன்னாங்க. அவங்க சொல்றது சரிதானே சார். சரின்னு தெரிஞ்சும் நான் போடல. ஏன் போடலன்னு அவங்களுக்குச் சொல்லவும் முடியல.

கேளுங்க சார், முழுசா கேளுங்க. நீங்க சொல்லப் போறது எனக்குத் தெரியும். முயல் வேற மனுஷன் வேற. ரத்தத்துல கலந்தா செவப்பணுவையும் ஒடைக்கும். அந்த டெஸ்ட்ட போட்டதே நான்தான், டியூப் செவந்து போனதப் பாத்ததும் நான்தான். பெரிய ஆஸ்பத்திரி கமிட்டி, பர்மிஷன், அதெல்லாம் வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். ஒரு நாள் கேண்டீன்ல நானா பேச்செடுத்தேனே, ஒருத்தருக்கு வேற வழியே இல்லன்னா போட்டுப் பாக்கலாமா சார்னு. நீங்க தட்டப் பாத்துக்கிட்டே, வேற வழியில்லாதவன் மேல போட்டுப் பாக்கறதுக்குப் பேரு சயின்ஸ் இல்லம்மான்னீங்க. நீங்க சொன்னது தப்பில்ல சார். இப்பவும் தப்புன்னு சொல்ல வரல.

நான் மருந்து கேக்கலயே சார். கலர்தானே கேக்கறேன்.

பேட்ச் கெட்டுடும்தான். நான்தான் அளக்கப் போறவ. அதுக்கும் யோசிச்சுட்டேன். முயலுங்க பக்கமே நான் வரல. புது முயலே பொங்கலுக்கு அப்புறம்தானே வருது. அச்யுத் அளக்கட்டும். அவனுக்குத் தெரியாதுல்ல, அது போதும். அவன் தீசிஸ்ல என் பேரு கூட வேணாம். நாளைக்கே ரிஸைன் பண்றேன்னு வேணா எழுதிக் குடுத்துடறேன். மாமி சாட்சி. இந்த அறையில நாம மூணு பேருதான் இருக்கோம். நான் வெளிய போய் யார்கிட்டச் சொல்லப் போறேன். அத்தைக்கு மஞ்ச பச்சன்னா சேலைதான்.

நானாவே கண்டுபுடிச்சிருக்கலாம்தான். பாத்தேன் சார். தட்டுல போட்டுப் பாத்தேன். மஞ்சளச் சுத்தியும் கிருமி சாகுது, பச்சயச் சுத்தியும் சாகுது. அந்த சோப்பு இருக்கே, அதுவே தட்டுல கொன்னுடுது. நீங்கதானே சொல்லுவீங்க, தட்டு பொய் சொல்லும், புண்ணு சொல்லாதுன்னு. உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டற பெரிய மிஷின்ல ஓட்டினா ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடும். அதோட பம்பு ரிப்பேர், புதுசு பம்பாய்லேருந்து வரணும். வேற எடத்துல கேட்டேன், அடுத்த வாரம் வாங்கன்னாங்க. ருசி பாத்தேன். சிரிக்காதீங்க சார், நெஜமாவே நாக்குல வெச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே கசப்பு.

எப்போன்னா, வியாழக்கெழம.

எதுக்குன்னு கேக்கறீங்க. அதத்தான சார் சொல்லிக்கிட்டிருக்கேன். இல்ல, இன்னும் சொல்லல. சரி.

மாமி, நீங்க கொஞ்சம் உக்காருங்க. நின்னுக்கிட்டே இருக்கீங்க.

அந்த வார்டுல ஆரோக்கியமேரின்னு ஒரு சிஸ்டர். எங்க பங்குதான், கோயில்ல பாட்டுக் குழுவுல இருக்காங்க. ஒருத்தங்க அத்தன பேருக்கும் கட்டு மாத்தணும். நான் லேப்ல வேல பாக்கறவன்னு தெரியும். அதனால சாயங்காலம் கட்டப் பிரிச்சுக் குடுத்துட்டு, நீ தொடச்சுக் கட்டிடு ரெனின்னு அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க. நல்ல மனசு. அவங்க மேல ஒண்ணும் வந்துடக் கூடாது சார். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

ஆமா சார். போட்டுட்டேன்.

போடறதுக்காகக் கேக்கல. போட்டாச்சு. போன வாரத்துக்கு முந்தின வாரம் பிடிச்சு தெனம் சாயங்காலம் போடறேன். பாட்டில இந்தப் பையிலதான் எடுத்துக்கிட்டுப் போனேன், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்துல, ஈரத்துணி சுத்தி. பச்ச.

பச்சதான் சார். ஃப்ரிட்ஜத் தொறந்தேன். ரெண்டும் வரிசையா நிக்குது. புதுசா காசு சுண்டியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா. நல்லாத் தெரியும். பாதிக்குப் பாதி. அது தெரிஞ்சவ என்ன பண்ணியிருக்கணும், ரெண்டையும் எடுத்து புண்ல பாதிக்கு இது, பாதிக்கு அதுன்னு போட்டிருக்கணும், இல்ல ரெண்டையும் தொடாம வந்திருக்கணும். கை பச்சைக்குத்தான் போச்சு. அந்த முயலுங்க ஆறினத என் கண்ணால பாத்திருக்கேனே. அந்த ரோஸ் கலரப் பாத்திருக்கேனே. மூணு வருஷம் படிச்சதெல்லாம் அந்த நேரத்துல எங்க போச்சுன்னு தெரியல. பச்சயப் பாத்ததும், ஆங், இதுதான்னு இருந்துச்சு. சாமி படத்தப் பாத்த மாதிரி.

மொத ரெண்டு மூணு நாள் நல்லா இருந்துச்சுன்னு நெனச்சேன். சீழ் கொறஞ்ச மாதிரி. ஸ்கேல் தானா நகரும்னு சொல்லுவீங்களே, நகந்துச்சு. இவரு கூட, என்னமோ குளுகுளுன்னு இருக்குடி, என்ன போடறன்னாரு. சர்ச்சுலேருந்து தீர்த்தம்னு சொன்னேன். உன் மூஞ்சி, லேப்காரி தீர்த்தம் போடறாளாம்னு சிரிச்சாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும் சார். கேக்கல.

அப்புறம் இல்ல. ஓரமெல்லாம் கறுக்குது. முந்தாநேத்து ஜுரம் வேற. செவப்பு மேல ஏறிக்கிட்டிருக்கு. டாக்டர் பேனாவால கோடு போட்டு வெச்சிருக்காரு, அந்தக் கோட்டத் தாண்டிடுச்சு.

இப்பப் புரியுதா சார். ரெண்டே ரெண்டுதான் இருக்கு. பச்சைல மருந்து இருந்தா, நம்ம மருந்து இவருக்குக் கேக்கல, அவ்ளோதான். இருந்த ஒண்ணையும் போட்டுப் பாத்தாச்சு. நான் தள்ளிப்போட்டதுதான் மிச்சம். அப்ப நாளைக்குக் காலைல வரைக்கும் கூட நான் நிறுத்தி வெக்கக் கூடாது. பச்சைல மருந்து இல்லன்னா, இத்தன நாளும் வெறும் எண்ணெயத்தான் பூசிக்கிட்டிருந்தேன். அப்ப இன்னும் நாம ஆரம்பிக்கவே இல்ல சார். மஞ்ச பாட்டில் இதோ பையில இருக்கு, பாருங்க. இப்பவே ஓடிப்போய் டாக்டர் காலப் புடிச்சு ரெண்டு நாள் கேப்பேன். எல்லாத்தையும் அவர்கிட்டச் சொல்லியே கேப்பேன். போலீஸ்னா போலீஸ்.

நான் என்ன கேக்கறேன்னு எனக்கே தெரியுது சார். மூணு வருஷமா மருந்து இருக்கணும் இருக்கணும்னு ஜெபம் பண்ணவ நான். இன்னிக்குப் பூசைல முட்டி போட்டு என்ன கேட்டேன் தெரியுமா. பச்சைல ஒண்ணும் இருக்கக் கூடாது ஆண்டவரே. எம் புருஷனுக்கு இத்தன நாள் நான் ஒண்ணுமே போடலன்னு ஆக்கிடு.

சொல்லுங்க சார். வெறும் எண்ணெயும் தண்ணியும்தான்னு சொல்லுங்க. முட்டாளேன்னு திட்டுங்க, திருடின்னு சொல்லுங்க, மாமி எதிர்க்கவே சொல்லுங்க. மஞ்சள்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத் திட்டுங்க.

ஏன் சார் மாமியப் பாக்கறீங்க. என்னப் பாருங்க.

காசு மறுபடியும் பச்சைக்கேவா விழுந்துச்சு.

நல்லா ஞாபகம் இருக்கா சார். இல்ல, நீங்க மறக்க மாட்டீங்க. தெரியும். சும்மா கேட்டேன்.

வேணாம் சார், நீங்க எதுக்கு வருத்தப்படறீங்க. எந்திரிக்காதீங்க. அது முயலுக்கு நல்ல மருந்துதான். நாளைக்கு வேற ஒருத்தருக்கு வேற அளவுல கேக்கும். சாக்கடத் தண்ணி, எலும்பு வரைக்கும் போனது, இந்தப் புண்ணு வேற. எனக்குத் தெரியுது. அழல மாமி. நடந்து வந்தது, கண்ணு எரியுது.

ஃபோன் ஒரு நிமிஷம் எடுத்துக்கட்டுமா. வார்டு நம்பர் எனக்குத் தெரியும்.

சிஸ்டரா. நான் ரெனிட்டா. எங்க அத்தை வராண்டாவுலதான் இருப்பாங்க, கொஞ்சம் கூப்புடுங்களேன். இருக்கேன், இருக்கேன்.

அத்தை. நான்தான். ஒண்ணும் இல்ல, வந்துக்கிட்டே இருக்கேன். நீங்க டாக்டர் கெளம்பறதுக்குள்ள போய்ப் பாருங்க. நாளைக்கு வரைக்கும் வேணாம், எனக்காக நிக்க வேணாம். கையெழுத்த நீங்களே போட்டுடுங்க. முட்டிக்குக் கீழன்னு சொல்லிக்கிட்டிருக்கும்போதே போட்டுடுங்க அத்தை.